நூற்று நாற்பது பவுண்டு

டிரெய்லரில் ஏற்றும் ஒவ்வொரு பொருளையும் லோர்னா வீட்டிலேயே குளியலறைத் தராசில் எடை போட்டு எழுதியிருந்தாள். அவள் கணவன் கிளீட்டுக்கு ஆறு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த நான்கு நாள் விடுமுறை. ஆல்வர்ட் பாலைவனத்துக்கு இறங்கும் மலைச்சாலையில் பிரேக் தாங்க வேண்டுமானால், டிரெய்லர் ஐயாயிரம் பவுண்டைத் தாண்டக் கூடாது. அவள் கணக்குப்படி 4,960. வழியில் நின்று பார்த்த தானியக் கிடங்கின் எடைமேடையோ 5,100 காட்டியது.

எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலி டிரெய்லரை எடை போட்டார்கள். அப்போதும் இருக்கவேண்டியதைவிட நூற்று நாற்பது கூடுதல்.

“வீட்டுக்கே திரும்பிடலாம்,” என்றான் கிளீட். “உன் சமையலத் தின்னு இதுவும் பெருத்துடுச்சு போல.”

“வாய மூடிட்டு சாமான ஏத்து.”

ஏற்றி முடித்ததும் லோர்னா டிரெய்லர் கதவைத் தட்டினாள்.

“இறக்கத்துல இந்தக் கனம் ஆகாதுங்க. முன்னாடி டிரக்குக்கு வந்து எங்ககூட உக்காருங்க.”

மேடையில் எண் 4,960க்கு இறங்கியது.

டிரக்கின் பின்சீட்டில் மகள் ஐடா ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். கிளீட் வண்டியைக் கிளப்பினான். யாரோ பெல்ட் போடவில்லை என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூவரும் போட்டிருந்தார்கள்.

“பெல்ட்டு,” என்றாள் லோர்னா, திரும்பிப் பார்க்காமல்.

மணி நின்றது.