ஜான்சி மேடத்தின் கை

"ஜான்சி மேடம் கை இருக்கே, அது கையில்ல, மந்திரம் பவுனு."

ராஜபாண்டி இதைச் சொன்னது ஒரு மாதத்துக்கு முன்னால், சாப்பிட உட்கார்ந்தபோது. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த பவுனு நிமிர்ந்தாள்.

"அப்பிடி என்ன பண்ணுறாகளாம்?"

"சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவக் கலந்து பூசி, கூழாங்கல்ல வச்சுத் தேய்க்கணும். அவுக தேச்சா சுவத்துல மூஞ்சி தெரியுது! எங்களுக்கு வரமாட்டேங்குது. ஒவ்வொருத்தன் கையாப் புடிச்சுச் சொல்லிக் குடுக்குறாக."

"ஒங்க கையையுமா?"

"பின்ன? வாயால சொன்னா வருமா? ரெண்டாங்கிளாசு வாத்தியார் மாதிரி, மேல மேல வச்சு அழுத்துறாக."

அன்று தொண்டையில் சிக்கிய முள், பவுனுக்கு இன்றுவரை இறங்கவில்லை.

பங்குனி அறுப்பு முடிந்தால், பெரியாற்றுத் தண்ணீர் திறக்கும் வரைக்கும் வயலில் வேலை கிடையாது. மூன்று வருடமாக அந்த இரண்டு மாதமும் ராஜபாண்டிக்குச் சின்னமனூரில் பழைய சத்திரத்தைப் பழுது பார்க்கும் வேலை. கட்டடம் படித்த ஜான்சி மேடம், தேனிக் கடைவீதித் துணிக்கடைக்காரர் மகள், நின்று வேலை வாங்குவார்.

ஒவ்வொரு சாயங்காலமும் அவன் மேடம் புராணத்தோடுதான் வீட்டுக்குள் நுழைவான். பவுனு ஒன்று விடாமல் கேட்பாள். கை எப்படிப் போகும், எந்த விரலை ஊன்றுவார், எவ்வளவு நேரம் தேய்ப்பார் என்று துருவித் துருவிக் கேட்பாள்.

"ஏ, இம்புட்டுப் பொறாமையா ஒனக்கு?" என்று சிரிப்பான் அவன்.

பொறாமைதான். அதை யாரிடம் சொல்ல?

வாய் திறக்கலாம் என்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அவன் வேறு பஞ்சாயத்தை ஆரம்பிப்பான். "வீட்ல எட்டுக் கோழி நிக்கி. ஒத்த முட்டைய எங் கண்ணுல காட்ட மாட்டேங்குற. எங்கதான் போகுது?"

"கீரிப்பிள்ள தூக்கிருது" என்று எழுந்துகொள்வாள்.

பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் சும்மா இருப்பாளா? "ஆத்தா பவுனு, ஒம் புருசன் கையப் புடிச்சுக்கிட்டே நிக்கிறாளாமில்ல ஒருத்தி? நீ இங்கன மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே இரு. நானா இருந்தா என்னைக்கோ ரெண்டுல ஒண்ணு கேட்டிருப்பேன்."

நாளை மறுநாள் தண்ணீர் திறக்கிறார்கள். இந்த வருடத்துச் சத்திர வேலைக்கு இன்றுதான் கடைசி நாள். இன்று விட்டால் அடுத்த பங்குனிதான்.

பவுனு தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டாள். முகம் கழுவினாள். உத்தமபாளையத்தில் பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரே பேச்சை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய்ச் சின்னமனூரில் இறங்கினாள்.

சத்திரத்து வாசலில் சுண்ணாம்பு அரைத்துக்கொண்டிருந்த அம்மாவாசி அவளைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தான். "ஏலே பாண்டி! ஒன் வீட்டம்மா வந்திருக்காக. மொகத்தப் பாத்தா, இன்னைக்கு ஒனக்குச் சோறா பூசையான்னு தெரியல!"

கலவை சுமந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள்.

உள்கூடத்தில் பவுனு கண்ணாலேயே பார்த்துவிட்டாள். ராஜபாண்டி சுவரைப் பார்த்து நின்றான். அவனுக்குப் பக்கத்தில், அவனுடைய வலது கைமேல் தன் கையை வைத்து அழுத்தியபடி ஜான்சி மேடம். இரண்டு கையும் ஒன்றாக மேலே போயின, ஒன்றாகக் கீழே வந்தன. கொடுத்து வைத்த மனுசன், அந்தப் பக்கம் திரும்பிக் கொட்டாவி விட்டான்.

அதைப் பார்த்ததும் பவுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூக்குச்சட்டியைத் தரையில் டங்கென்று வைத்தாள். "மேடம், அவுக கைய விடுங்க."

ஜான்சி மேடம் சட்டென்று கையை எடுத்தார். ராஜபாண்டியின் விரலிலிருந்து கூழாங்கல் நழுவி உருண்டது.

"என்னக்கா? என்னாச்சு?" என்றார் மேடம், ஒன்றும் புரியாமல்.

"பவுனு, இங்கன வச்சு மானத்த வாங்காத" என்று ராஜபாண்டி பல்லைக் கடித்தான். "எதுவா இருந்தாலும் வீட்ல போயிப் பேசுவோம். மேடம் அப்பிடிப்பட்டவுக இல்ல."

"நீங்க செத்த தள்ளுங்க."

அவனை ஒதுக்கிவிட்டுப் பவுனு முன்னால் வந்தாள். குனிந்து கூழாங்கல்லை எடுத்தாள். மேடத்தின் முகத்துக்கு நேரே வலது கையை நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பில் வெந்து, தோலுரிந்து, வெளுத்துக் கிடந்தது.

"எட்டுக் கோழி முட்டையும் எங்க மாட்டுக்கொட்டகைச் சுவத்துக்கே போயிருச்சு, இன்னும் மூஞ்சி தெரியல. என் கையப் புடிச்சுச் சொல்லிக் குடுங்க மேடம்!"