ஓனர் யாரும்மா?

கார் உறுமியது.

அடுப்படியில் இருந்தவள் ஓடவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் காலை எட்டரைக்கு அவள் கணவர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். மோட்டார் வாகன ஆய்வாளர் வேலை. மற்றதெல்லாம் மறந்துபோனது, கட்டிய மனைவியின் முகம் உட்பட.

சாவியை ஒளித்தால் வீட்டையே தலைகீழாகப் புரட்டிவிடுவார். கேட்டைப் பூட்டினால் பூட்டை உடைப்பார். அப்படி உடைத்துக்கொண்டு போன ஒரு நாளில்தான் தெருமுனைத் தையல்காரரின் கால் போனது. இடித்தது அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து டீ கேட்டார்.

அடுத்த தடவை ஓர் உயிரே போகும் என்று அவளுக்குப் பயம்.

காரிலிருந்து இறங்கினார். கிளம்புமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது முப்பத்து நான்கு வருடப் பழக்கம். முன்னால் குனிந்தார். பின்னால் போய்க் குனிந்தார்.

“இந்த வண்டிக்கு யாரும்மா ஓனர்?”

“நான்தான் சார்.” அவள் வெளியே வந்தாள்.

தினமும் நடப்பதுதான். நம்பர் பிளேட் இல்லை, பதிவு இல்லை. வீட்டுக்குள் வைத்திருந்தால் தப்பில்லை, கேட்டைத் தாண்டி ரோட்டில் சக்கரம் பட்டால் குற்றம் என்று விளக்குவார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, நோட்டீஸ் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். பிறகு ஒரு நாள் வேலை முடிந்த திருப்தியில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்.

எமனே வந்தாலும் எருமைக்கு நம்பர் பிளேட் எங்கே என்று கேட்பார் என்று ஆபீசில் அவரைக் கேலி பேசுவார்கள். அவள் தம்பி புது மோட்டார் சைக்கிளைப் பதியாமல் ஓட்டி வந்தபோது நடுரோட்டில் பிடித்து வைத்துக்கொண்டவர். அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விடணும் என்று சொல்லிவிட்டார். தம்பி அதற்கப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இன்று நோட்டைத் திறந்தவர் எழுதவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரொம்பக் களைச்சுப்போய்த் தெரியிறீங்கம்மா. சரி, இந்த ஒரு தடவை விட்டுடறேன். ஆபீசுக்குத்தானே போறேன், நானே ஓட்டிட்டுப் போய்ப் பதிஞ்சு கொண்டாந்து தர்றேன்.”

கார்க் கதவில் கை வைத்துவிட்டார். கேட் திறந்தே இருந்தது. வெளியே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சத்தம்.

இந்த மனுஷன் வாயிலிருந்து வராதா என்று வருடக்கணக்காக அவள் ஏங்கிய சொல். கேட்டதும் அவள் காருக்கு முன்னால் போய் நின்றாள்.

“வேண்டாம் சார்.” கை கூப்பினாள். “ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். நோட்டீஸ் எழுதுங்க.”

அவர் கை நின்றது. எங்கேயோ கேட்ட பேச்சாயிற்றே என்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு எஞ்சினை அணைத்தார்.

ஓனர் பெயர் கேட்டார். சொன்னாள். கணவர் பெயர் கேட்டார். அதையும் சொன்னாள். ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினார்.

அவர் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அவள் அரிசி டிரம்மைத் திறந்தாள். வீட்டில் அவர் கை படாத ஒரே இடம் அது. பழைய நோட்டீஸ்களோடு இன்றையதையும் மடித்து வைத்தாள்.

அடியில் பதிவு ரத்தான தாள் இருந்தது. அவள் பெயரில் அவர் வாங்கித் தந்த ஒரே பொருள் அந்தக் கார். ரத்து செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

பக்கத்தில் துணியில் சுற்றிய இரண்டு நம்பர் பிளேட்டுகள். அவற்றைக் கழற்றியபோது விரலில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.