மேசைமேல் பகடை

வரைபடத்தை விரித்து, பகடை உருட்டி ஆடும் அந்தப் போர் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், முதல் குண்டு வெடித்ததுமே தங்கள் வீரனை எதிரியை நோக்கி ஓடவிடுவார்கள். எல்லாம் சினிமா பார்த்த பழக்கம். அவன் செத்துப்போனால் ஆட்டத்தை நடத்தும் இன்பராஜிடம் சண்டைக்கு வருவார்கள். ரெஜினாவுக்கும் அன்றுதான் முதல் ஆட்டம். அவளுடைய வீரன் வயலைக் கடந்துகொண்டிருந்தான்.

"எங்கேருந்து சுடுறாங்கன்னே தெரியல. உங்க காதை ஒட்டி ஒரு குண்டு போகுது. என்ன செய்யப் போறீங்க?" என்றார் இன்பராஜ்.

ரெஜினாவின் நாற்காலி காலியாக இருந்தது.

"குனிங்க சார்!" மேசைக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

கூட ஆடிக்கொண்டிருந்த மற்ற இருவரும் சிரித்தபடி எட்டிப் பார்த்தார்கள். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுபோய், தவழ்ந்து உள்ளே வந்துவிட்டார்கள். இன்பராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுட்டால் ஓடாதீங்க, முதலில் பதுங்குங்க என்று பதினோரு வருஷமாக இதற்காகத்தானே தொண்டை கிழியக் கத்தினார்! அவரும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, கையை மட்டும் உயர்த்தி, அடுத்த குண்டு யார்மேல் என்று சொல்லும் பகடையை மேசைமேல் உருட்டிவிட்டார். அது கடகடவென்று ஓடி நின்றது.

"என்ன விழுந்திருக்கு சார்?" ரெஜினா கிசுகிசுத்தாள்.

அதைப் பார்க்க யாராவது தலையைத் தூக்கியாக வேண்டும்.