இரண்டு கட்டில்கள்

வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்குப் பண்ணைக்காரர் எவாரிஸ்தோ நாயின் வாயைத் திறந்தார்.

இடது கையால் மேல்தாடையைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் விரலைக் கடைவாய்க்குள் விட்டுத் துழாவினார். நாய் முரண்டு பிடிக்கவில்லை. வால்கூட ஆடியது.

விரல் வெளியே வந்தபோது நுனியில் வெள்ளை ரோமம் சுருண்டிருந்தது.

அதை யமிலாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வேலியோரம் ஏழு ஆடுகள் கிடந்தன. தொடைகள் கிழிந்து, மடி அறுந்து. ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. குடல் புல்லில் இழுபட, எழுந்து நிற்கப் பார்த்தது. எவாரிஸ்தோ போய் அதன் கழுத்தை அறுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“காட்டு நாய்ங்களா இருக்கும், எவாரிஸ்தோ ஐயா.”

“காட்டு நாய் கடிச்சுட்டு, ரோமத்தைக் கொண்டாந்து இது பல்லுல சொருகிட்டுப் போச்சா?”

“துர்க்கோ எங்க நாயே இல்ல. எல் சால்தேன் ஊர்லேருந்து தானா பின்னாடி வந்துச்சு.”

“மூணு வாரமா ஒங்கையால தின்னுது. பின்ன யாரு நாய்? என் நாயா?”

அவர் துப்பாக்கியை நீட்டினார். ஆட்டைக் கடித்த நாயை, சோறு போட்டவரே கொல்ல வேண்டும். அன்றைக்கே கொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அவள் வாங்கவில்லை.

“முடியாதுன்னா நாயக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. உள்ள படுத்திருக்கறவனையும் கூட்டிக்கோ. நான் தடுக்கல.”

அவள் ஏரியைப் பார்த்தாள். அதன் மறுமுனையில் பனியாறு நீலமாக நின்றது. படகு ஞாயிற்றுக்கிழமைதான் வரும். கணவாய் வழியாக நடந்தால் இரண்டு நாள். அவளோடு ஊர் சுற்ற வந்த ஃபப்ரீசியோவால் கழிவறைக்குக்கூட நடக்க முடியாது.

திங்கட்கிழமை பனிப்பிளவு ஒன்றின் விளிம்பு உடைந்து ஃபப்ரீசியோ உள்ளே விழுந்தான். கணுக்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவனைக் கயிறு கட்டித் தூக்கியதும், குதிரையில் போட்டுக் கொண்டுவந்ததும், வேலிப்பலகை இரண்டை வைத்துக் காலைக் கட்டியதும் எவாரிஸ்தோதான்.

ஐந்து மணி நேர வேலைக்கு ஒரு கட்டில், இரண்டு வேளைச் சாப்பாடு. இருவரும் மூட்டையோடு வந்த அன்று பேசிக்கொண்டது அப்படித்தான். திங்கட்கிழமையிலிருந்து யமிலா பத்து மணி நேரம் உழைத்தாள். இரண்டு கட்டில்களுக்கு.

துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள்.

“ஒரு குண்டுதான் இருக்கு. பாத்துச் சுடு.”

நாயைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். இரு என்று சொன்னதும் அது உட்கார்ந்தது. ஏதோ தரப்போகிறாள் என்று முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது.

பனியின் பக்கமிருந்து வந்த காற்று துப்பாக்கிக் குழலைத் தள்ளியது. அதே கணத்தில் விசை அழுந்தியது.

குண்டு இடுப்பில் பட்டது.

நாய் அலறியது. ஓடிப்போகவில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, இரத்தக் கோடு போட்டபடி, அவளை நோக்கித்தான் வந்தது.

அவள் இன்னொரு குண்டுக்காகக் கையை நீட்டினாள். பின்னாலேயே வந்திருந்த எவாரிஸ்தோ கத்தியை அவள் காலடியில் போட்டார்.

“சனிக்கிழமை சனிக்கிழமை குட்டி அறுக்குறல்ல? அதேதான்.”

மண்டியிட்டாள். குட்டியைப் பிடிப்பதுபோலத் தலையை இடது கக்கத்தில் இடுக்கினாள். நாய் அவள் மணிக்கட்டைக் கடித்தது. பல் எலும்பில் போய் நின்றது. மூன்று வாரத்தில் அது அவளைக் கடிப்பது அதுதான் முதல் தடவை.

முதல் குத்து தோளில் இறங்கியது. இரண்டாவதும் தோளில்தான். நாய் கடியை விட்டது. விட்டுவிட்டு, கடித்த இடத்தை நக்கியது.

மூன்றாவதில் கழுத்து கிடைத்தது.

இரத்தம் அவள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு சட்டைகளையும் நனைத்துக்கொண்டு முழங்கை வரை சூடாக ஏறியது. உடம்பு அவள் மடியில் உதைத்தது. மறுபடி உதைத்தது. பிறகு கனத்தது.

எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“போன வருசம் என்னோட நாய்க்கு நாலு குத்து. நீ பரவால்ல.”

அவள் எழவில்லை. அவரே நாயின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

“கைக்கு உப்புத் தண்ணி ஊத்து. இன்னிக்கு வேலிப் பக்கம் வராத. நானே பாத்துக்கறேன்.”

குழாய்த் தண்ணீர் பனிக்கட்டியைப்போல இருந்தது. நகக்கண்ணில் இருந்த இரத்தம் மட்டும் போகவில்லை. மணிக்கட்டில் துணியைச் சுற்றி, வேறு சட்டை மாற்றி, அதன் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆண்கள் படுக்கும் அறைக்குப் போனாள்.

ஃபப்ரீசியோ விழித்திருந்தான். நான்கு நாளில் இன்றைக்குத்தான் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

“யாரோ சுட்டாங்களே, பூமா சிறுத்தை ஏதும் வந்துச்சா?”

அவள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“கெழவன்கிட்ட சொல்லிடாத. நேத்து நீ ஒன் ரூமுக்குப் போனதும் துர்க்கோவைக் கட்டில் பக்கத்து ஜன்னல் வழியா உள்ள விட்டுட்டேன். ராத்திரி பூரா, காலைல ஏழு மணி வரைக்கும் என் காலை அணைச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்துச்சு. இங்க பாரு, வெள்ளை ஆட்டுத்தோல் விரிப்புல ஒரு மூலை பூரா கடிச்சுப் பிச்சு வச்சிருக்கு. எங்க அந்தத் திருட்டுப்பய?”