தங்க நாக்கு

“இந்தக் கரண்டியில எவன் எச்சிலோ ஒட்டியிருக்கு” என்று மூக்கைச் சுளித்தார் அவர். டிஷ்யூ தாளில் சானிடைசரை ஊற்றிக் கரண்டியை முன்னும் பின்னும் தேய்த்தார். தாளைக் கசக்கி நடைபாதையிலேயே எறிந்தார்.

ஓட்டல் முதலாளியம்மா குனிந்து அந்தத் தாளை எடுத்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியும். ‘தங்க நாக்கு’ என்ற பெயரில் ஓட்டல் ஓட்டலாகச் சாப்பிட்டு, போனில் நேரலையாகத் தீர்ப்புச் சொல்கிற மனிதர். சாப்பாடு என்றால் உயிரை விடுகிற ஊர் அது. அவர் ஒரு ‘சே’ சொன்னால் போதும், மறுநாளே கடை ஈ ஓட்டும்.

நோய் பரவுவதால் கடைக்குள் யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்று உத்தரவு. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கடையை, நடைபாதையில் மேஜை போட்டு அன்றைக்குத்தான் திறந்திருந்தார்கள். இவர் வாயில் விழுந்தால் மறுபடி எழ முடியாது என்பது அவளுக்கும், அடுப்படியில் நின்ற கணவருக்கும் நன்றாகவே தெரியும்.

அதனால் பொறுத்துக்கொண்டாள். அவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஊருக்குச் சுத்தம் போதித்தார். தண்ணீர் டம்ளரில் கைரேகை, நாற்காலிக்கடியில் எறும்பு, பக்கத்து மேஜைக்காரரின் காலரில் அழுக்கு என்று ஒவ்வொன்றாகப் போனுக்குக் காட்டினார். பேசப் பேச அவர் எச்சில் தெறித்து மேஜைவிரிப்பில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. அதை மட்டும் காட்டவில்லை.

சூப் வந்தது. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“கை கழுவின தண்ணியா இது? மிளகுத்தூள் கொண்டாங்க.”

கொண்டுவந்தாள். கொட்டினார், உறிஞ்சினார், மறுபடி கொட்டினார். பாதிக் குப்பி காலியானது.

“ம்ஹூம், சப்புன்னு இருக்கு. உங்க சமையல்காரர் ருசி பாக்கவே மாட்டாரா?”

“பாக்கறதில்லை சார். நோய் வந்ததுலேர்ந்து அடுப்படியில யாரும் மாஸ்க் கழட்டக் கூடாதுன்னு வெச்சிருக்கோம். உப்பு, காரம் எல்லாம் கையளவுதான்.”

“கேட்டீங்களா மக்களே! ருசி பாக்காமலே சமைக்கிறாங்களாம்!” போனை அவள் பக்கம் திருப்பினார். “நீங்களே குடிச்சுட்டுச் சொல்லுங்கம்மா.” தான் சப்பிய கரண்டியிலேயே சூப்பை மொண்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவளுக்குக் குமட்டியது. “வேற கரண்டி எடுத்துட்டு வரேன் சார். தப்பா நினைக்காதீங்க. சமைக்கிறது என் வீட்டுக்காரர்தான். அவருக்கு மூச்சிழுப்பு இருக்கு. அதான் பார்த்துப் பார்த்து...”

“என் எச்சில்னா அவ்வளவு அசிங்கமா?” அவர் முகம் கோணியது. “பாருங்க மக்களே, தன் கடை சூப்பைத் தானே குடிக்கப் பயப்படறாங்க!”

எல்லா மேஜைகளிலும் தலைகள் திரும்பின. அடுப்படி ஜன்னலில் கணவரின் கண்கள் தெரிந்தன. அவள் மாஸ்க்கை இறக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

முதலில் கரண்டி விளிம்பின் பிசுபிசுப்பு உதட்டில் பட்டது. அடுத்து மிளகு. நெருப்பை விழுங்கியதுபோல் தொண்டை எரிந்து, புரையேறி, கண்ணில் நீர் கொட்டக் கொட்ட இருமினாள்.

அந்த நாளில் இருமலைவிடக் கெட்ட சத்தம் வேறு எது? ஒரு குடும்பம் தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனது.

“சே! சாப்பாடு போடற இடத்துல நின்னு இருமறாங்க” என்று அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “இந்தக் கடைப் பக்கமே வந்துடாதீங்க மக்களே.”

“மிளகு... மிளகு சார்...” என்று அவள் சொல்லப் பார்த்தாள். குரல் வரவில்லை.

கணவர் தண்ணீரோடு ஓடிவந்து அவள் தலையைத் தட்டினார். தன் மாஸ்க் கழன்று காதில் தொங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. தோள் துண்டால் அவள் வாயைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

பட்ட காலிலேயே இன்னொரு அடியாகக் குப்பை லாரி வந்தது. தெருமுனையில் திரும்பும்போது அதன் வயிற்றிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டி, நடைபாதையை ஒட்டி வழிந்தது. மீன் கழிவும் அழுகிய முட்டையும் கலந்த வாடை. மிச்சம் இருந்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் ஓரமாக ஓடிப்போய் வாந்தியே எடுத்துவிட்டார்.

‘போச்சு, இதையும் நம்ம கடை தலையிலதான் கட்டப்போறார்’ என்று அவள் பதறினாள். அவர் மட்டும் லாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவள் மூக்கைப் பிடித்தபடியே அவரிடம் ஓடினாள்.

“சார், இதுக்கும் கடையைச் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் பக்கம் மேஜை போட்டுத் தரேன். இந்த நாத்தத்துல எப்படிச் சாப்பிடுவீங்க?”

அவர் இன்னொரு கரண்டி சூப்பை நிதானமாக உறிஞ்சினார். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் அவளை ஏறிட்டார்.

“எந்த நாத்தம்?”