படுக்கையறையில் மட்டும் கிறிஸ்துமஸ்

"கழட்டு! எல்லாத்தையும் இப்பவே கழட்டு!"

கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை பெரியவள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டுப் போனவள், பத்து மாதம் கழித்து இப்போதுதான் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் வராததுமாக அப்பா அம்மாவின் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

ஜன்னலில் காகித நட்சத்திரம். கட்டில் தலைமாட்டைச் சுற்றி மினுக் மினுக்கென்று சீரியல் பல்பு. அலமாரிக் கண்ணாடியில் பஞ்சுப் பனி. போதாக்குறைக்கு, அம்மாவின் தலையணைக்குப் புத்தம் புதுச் சிவப்பு உறை!

தம்பி பெண்டாட்டி தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கும் டேப்போடு ஓடி வந்தாள்.

"வாங்க அண்ணி. கொஞ்சம் மெதுவா... மாமா குளிக்கிறாங்க."

"ஏன், அவர் காதுல விழுந்தா உன் வண்டவாளம் தெரிஞ்சுடுமா? வாசல்ல ஒரு நட்சத்திரம் இல்ல. ஹால்ல ஒரு துண்டுக் காகிதம் இல்ல. பார்க்கிறவனுக்கு இது துக்க வீடு. உள்ளே கதவைச் சாத்திக்கிட்டா கொண்டாட்டம். நல்லா இருக்கும்மா உன் நாடகம்!"

"நாடகம்தான் அண்ணி. ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது!"

பெரியவள் ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. எதிரில் நிற்பவரை ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்லவிட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம்னு நானும் தம்பியும் பேசி முடிவு பண்ணோமா இல்லையா? அம்மா மண்ணுக்குள்ள போய் முழுசா ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள உனக்குப் பல்பு கேக்குதா?"

"ஐயோ, மெதுவா அண்ணி!" அவள் பதறிப்போய்க் குளியலறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"கிறிஸ்துமஸ் வந்தா இந்த ரூமை ஜோடிச்சு முடிச்சுட்டுத்தான் அம்மா மத்த வேலையையே தொடுவா. முடிச்ச கையோட பாட்டுப் பயிற்சின்னு சர்ச்சுக்கு ஓடுவா. நாப்பது வருஷமா வேற ஒரு ஆளைத் தொட விட்டதில்ல. பெத்த பொண்ணு, என்னையே விட்டதில்ல. நேத்து வந்தவ நீ, அவ எடத்துல ஏறி உக்காரப் பாக்குறியா?"

தம்பி பெண்டாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க தம்பி போன்ல சொன்னாரே அண்ணி, மாமாவுக்கு..."

"மறதி. சொன்னான், சொன்னான். வயசானா யாருக்குத்தான் மறதி இல்ல? எனக்கே கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியறதில்ல. அதுக்காக நான் என்ன கட்டிலுக்குப் பல்பு கட்டிக்கிட்டா திரியறேன்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய் நட்சத்திரத்தை ஒரே இழுப்பாக இழுத்தாள். நூல் அறுந்து அது தரையில் விழுந்தது. பஞ்சைச் சுரண்டினாள். பல்புச் சரத்தைப் பிடுங்கினாள். தடுக்க வந்த கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதே! எங்கம்மா போனதை இவ்வளவு சீக்கிரம் மறக்க உங்களாலதான் முடியும்!"

குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தது.

வரட்டும். அப்பாவே வந்து இவளை நாலு வார்த்தை கேட்கட்டும் என்று நிமிர்ந்து நின்றாள் பெரியவள்.

"அடடே, எப்ப வந்தே கண்ணு?" ஈரத் தலையோடு வந்த அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? உங்கம்மா இப்பத்தான் பாட்டுப் பயிற்சிக்குப் போனா. உன்னைப் பார்த்தான்னா அப்படியே..."

தரையில் கிடந்த நட்சத்திரத்தைப் பார்த்தார். வெறும் ஜன்னலைப் பார்த்தார். கதவுப் பக்கம் திரும்பினார்.

"கட்டிட்டுத்தானே போனா? இங்கதானே இருந்தது? அவ... அவ எங்க?"

"ஃபேன் காத்துல விழுந்துடுச்சு மாமா." தம்பி பெண்டாட்டி ஒரே எட்டில் போய் அவரைக் கட்டிலில் உட்கார வைத்தாள். துண்டை வாங்கித் தலையைத் துவட்டினாள். "நான்தான் ஃபேனை வேகமா வச்சுத் தொலைச்சுட்டேன். அத்தை வந்ததும் எனக்கு இருக்கு!"

"இருக்கு, இருக்கு! உன்னை உரிச்சு எடுத்துடுவா." அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பெரியவளின் விரல்களிலிருந்து பல்புச் சரம் தானாக நழுவியது.

தம்பி பெண்டாட்டி அருகில் வந்தாள். காதோரம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"முதல்ல உண்மையைத்தான் சொன்னோம் அண்ணி. மறந்துடறாரு. மறுநாள் மறுபடி கேப்பாரு, மறுபடி சொல்லுவோம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவருக்கு அத்தை அன்னிக்குத்தான் சாகுறாங்க. அதே கதறல். இதைக் கட்டினதுலேர்ந்துதான் கேக்கறதில்ல. அத்தை கட்டி முடிச்சுட்டு சர்ச்சுக்குப் போயிருக்காங்கன்னு அவராவே நினைச்சுக்கிறாரு."

"அங்க என்ன ரெண்டு பேருக்கும் குசுகுசுன்னு?" அப்பா அதட்டினார். "அவ வர்ற நேரமாச்சு. இப்படிக் கிடக்கறதைப் பார்த்தா மனசு ஒடிஞ்சு போயிடுவா."

பெரியவள் ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு ஏறினாள். தம்பி பெண்டாட்டி நட்சத்திரத்தை எடுத்து நீட்டினாள்.

"நீங்க கவலைப்படாதீங்கப்பா," என்றாள் பெரியவள், முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு. "அம்மா வர்றதுக்குள்ள நான் கட்டிடறேன்."