யாரும் வைக்காத பெயர்

இந்தக் கதையில் ஒரு சொல்கூடக் கலப்படம் இல்லை. எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் கூண்டேறிச் சொல்லத் தயார். அந்தப் பெயர் என்ன என்று மட்டும் கேட்கக் கூடாது. சொன்னால் நாளைக்கே உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வைத்துவிடுவீர்கள்.

"இந்தப் பேரா? வேண்டாம்மா," என்றார் பிறப்புப் பதிவு எழுத்தர், பெரிய வியாதியைப் பற்றிச் சொல்லும் டாக்டரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "இப்ப யாரு இதை வைக்கிறாங்க? பள்ளிக்கூடம் போனா மத்த பிள்ளைங்க கிழவின்னு கூப்பிடும்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற இளம் தாய், தோளில் தூங்கிய குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "எங்கம்மா பேரு சார். பேத்தியைப் பார்க்காமலே போயிட்டாங்க."

"அம்மாவை மனசுல வச்சுக்கோ. பிள்ளைக்கு நல்லதா ஒண்ணு வை. போன வாரம் ஒருத்தர் நாய்க்கு லைசென்ஸ் எடுக்க வந்தாரு. அந்த நாய்க்கும் இதே பேருதாம்மா!"

நாயும் வரவில்லை, லைசென்ஸும் வரவில்லை. ஆனால் பேனா அவர் கையில். முத்திரையும் அவர் கையில். அவர் எடுத்துக் கொடுத்த வேறொரு பெயருக்குத் தலையாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி நகர்ந்தாள்.

அன்று அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இருந்தாலும் என்ன, பெயர் பிழைத்தது.

அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அவர் பிறந்த வருஷத்தில் அவருடைய பெயர் காய்ச்சல் மாதிரிப் பரவியிருந்தது. வகுப்பில் ஒரே பெயரில் ஏழு பையன்கள். வாத்தியார் சலித்துப்போய் நம்பர் போட்டார். இவர் ஆறாம் நம்பர். இன்றைக்கும் தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இவர் திரும்புவதில்லை. வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்வார்.

பிறக்கப்போகும் தன் மகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது. அதற்காகவே கல்யாணமான புதிதில் ஒரு பெயரைப் பொறுக்கி வைத்திருந்தார். மகள்தான் பதினோரு வருஷமாக வரவில்லை. அவள் வருவதற்குள் வேறு யாராவது அதில் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாதே என்று ஜன்னலில் காவல் இருந்தார்.

லேசுப்பட்ட காவலா அது? பெயருக்கும் சீசன் உண்டு. முழநீளப் பெயர்கள் நாலு வருஷம் ஓடும். பிறகு கூப்பிட மூச்சு வாங்குகிறது என்று இரண்டெழுத்துக்கு வருவார்கள். அதுவும் சலித்தால் பழைய பெயர்களைத் தூசி தட்டி எடுப்பார்கள். அப்படித் தூசி தட்டிய வருஷம், வாரத்துக்கு இரண்டு பேராவது அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்தப் பெயர் வைத்தால் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் வராது என்று ஒருவரைத் திருப்பினார். முடி கொட்டும் என்று இன்னொருவரைத் திருப்பினார். எல்லோரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்கள்.

ஒருநாள் பூங்காவில் யாரோ அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். அவர் நாயைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடந்தார்.

அலுவலகத்தில் பக்கத்து ஜன்னல், பதிவில் திருத்தம் செய்யும் ஜன்னல். அதற்குத் தனிப் பதிவேடு. அங்கே இருந்த அம்மாளுக்குத் தலை நிமிர நேரம் கிடையாது. கூட்டம் தினமும் வாசல் வரை நிற்கும். பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட ஒழுங்காக எழுதிக் கொடுக்கத் தெரியாத ஜனம் என்று இவர் பரிதாபப்படுவார்.

பன்னிரண்டாம் வருஷம் மகள் வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி குழந்தையின் விரலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நிஜமாவே அந்தப் பேரு வேற யாருக்கும் இல்லையா?"

"ஊர்ல ஒரு குஞ்சுக்குக்கூடக் கிடையாது. என் பதிவேட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டிட்டேன்."

"அது எப்படிங்க, அவ்வளவு அழகான பேரை ஒருத்தர்கூட வைக்காம இருப்பாங்க? நீங்க ஒண்ணும் பண்ணலையே?"

"சேச்சே," என்றார் அவர், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

தன் பிள்ளையைத் தானே பதியக் கூடாது, பக்கத்து ஜன்னலில்தான் பதிய வேண்டும் என்பது அலுவலக விதி. அதனால் பக்கத்து ஜன்னல் வரிசையில், கைக்குழந்தைக்காரர்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்றார். முறை வந்ததும் படிவத்தை நீட்டினார்.

அந்த அம்மாள் பெயரைப் படித்தாள். தலையை நிமிர்த்தினாள். "அட, நீங்களுமா அண்ணே?"

"நீங்களுமான்னா?"

"உங்ககிட்ட வாதாடினா வேலை நாளைக்குன்னு தள்ளிப்போயிடும்னு எல்லாரும் தலையை ஆட்டிடுறாங்க. நேரா இங்க வந்து, 'பழையபடி அதையே போடுங்க'ன்னு திருத்திட்டுப் போறாங்க."

"ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கும், இல்ல?"

"முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம், ஆபீஸ்காரரே இவ்வளவு பதறித் தடுக்கிறார்னா இந்தப் பேருல என்னமோ இருக்குன்னு ஊரெல்லாம் பேச்சாயிடுச்சு."

அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் முத்திரையை மையில் ஒற்றி எடுத்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"உங்க பின்னாடி வாசல் வரைக்கும் நிக்கிறாங்களே, அத்தனை பேரும் இந்தப் பேருக்குத்தாண்ணே!"